படகுக் கொட்டகையின் சாவி

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு வரும் மின்னஞ்சல்களின் தொனியே மாறிவிடும். வெளிநாட்டு உறைவிடப் பள்ளிகளில் இடம் கிடைத்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எழுத ஆரம்பிப்பார்கள். குளிர் தாங்குமா, படிப்பு ரொம்பக் கஷ்டமா, அறைக்கு எத்தனை பேர், உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பிள்ளை என்ன செய்வாள் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

பதினாறு வயதில் வட ஐரோப்பாவில் ஒரு சர்வதேச உறைவிடப் பள்ளிக்குப் போனேன். கடலோரப் பள்ளி. அங்கே இரண்டு வருடம் படித்தேன். படித்து முடித்து, பட்டம் வாங்கி, சுற்றி வளைத்து, இப்போது அதே மாதிரியான இன்னொரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். பகலில் வேதியியல் ஆசிரியை. மாலைக்கு மேல் ஒரு விடுதியின் ஹவுஸ் பேரன்ட், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதிப் பொறுப்பாளர். வீட்டை விட்டு வந்த பிள்ளையாகவும் இருந்திருக்கிறேன், அப்படி வந்த பிள்ளைகளை ராத்திரி எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துபவளாகவும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை பெரிய பிரச்சினை இருக்காது. வகுப்பு, விளையாட்டு, சாப்பாடு, ஸ்டடி டைம், பத்தரைக்கு செக்-இன். அழுவதற்குக்கூட நேரம் கிடைக்காது. சனிக்கிழமை துணி துவைக்கும் மெஷினுக்கு வரிசை, ஏதாவது மேட்ச், மாலையில் ஒரு நிகழ்ச்சி. ஞாயிறு காலை தூக்கத்தில் போய்விடும். மதியச் சாப்பாட்டை முடித்துத் தட்டை வைத்துவிட்டு ஒன்றரை மணிக்கு வெளியே வந்தால், ராத்திரிச் சாப்பாடு வரை நீங்கள் யாருக்கும் தேவையில்லை. ஊரில் அது எல்லாரும் வீடு திரும்பி ஒன்றாக உட்காரும் நேரம். வீட்டு நினைப்பு வந்து உட்காருவது அந்த நாலைந்து மணி நேரத்தில்தான். விடுதியில் முதல் பருவத்தில் என் கதவைத் தட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஞாயிறு மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் வருகிறார்கள்.

நான் படித்த விடுதியில் போன் பேச மாடிப்படிதான் இடம். அறையில் நாலு பேர் இருப்போம், வராந்தாவில் ஆள் நடமாட்டம். அதனால் ஞாயிறு மாலையில் படிக்கட்டு நிறைந்திருக்கும், ஆளுக்கு ஒரு படி, ஆளுக்கு ஒரு மொழி. கீழ்ப்படியில் இருப்பவள் கிசுகிசுப்பாள். அவள் வீட்டில் நள்ளிரவு, மற்றவர்கள் தூங்குகிறார்கள். மேலே இருப்பவளின் போனில் காபி போடும் சத்தம் கேட்கும்; அவள் வீட்டில் அப்போதுதான் விடிந்திருக்கிறது. நடுவில் நான். யார் பேசுவதும் யாருக்கும் புரியாது. ஆனால் குரல் உடைவது எந்த மொழியிலும் தெரிந்துவிடும். தெரிந்தால் பக்கத்துப் படிக்காரி போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கையை நீட்டி முதுகைத் தட்டுவாள்.

கடிகார விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைப் பள்ளிகள் யாரும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு மறுபடி முன்னால் தள்ளுவார்கள். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அந்த அக்டோபர் ஞாயிறு நாலரை ஆகிவிட்டது. நான் வழக்கமான நேரத்தில்தான் கூப்பிட்டேன். அம்மாவுக்கு அது ஒரு மணி நேரத் தாமதம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் என்னென்ன நினைத்திருப்பாள் என்று அவள் 'ஹலோ' சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நாள்காட்டியில் அந்த இரண்டு ஞாயிறையும் இப்போதே வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது படிக்கட்டு காலி. ஆளுக்கு ஒரு இயர்போன், வீடியோ கால், சில பிள்ளைகள் தூங்கும்போதும் அழைப்பை அணைப்பதில்லை. தலையணைக்குப் பக்கத்தில் போனில் அம்மாவின் சமையலறை ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைத் தடுப்பதில்லை. தினமும் பேச வேண்டாம் என்றும் சொல்வதில்லை. பேச்சை நாளின் கடைசிக்குத் தள்ளிவிடு, நடந்ததைச் சொல்வதற்காகக் கூப்பிடு என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பு முடிந்ததும் அறைக்கு ஓடி வந்து போனுக்குள் போய்விடும் பிள்ளைக்குச் சொல்வதற்கு எதுவும் நடந்திருக்காது. இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கலங்குவார்கள், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பாதி ஓடிவிட்டது, அவன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் பெட்டி நின்றுகொண்டே இருந்தது. காலையில் அதைப் படுக்கவைத்து, ஒரு சட்டையை உருவிக்கொண்டு, ஜிப்பை மூடி, மறுபடி நிமிர்த்தி வைப்பான். அவனுக்கென்று கொடுத்த அலமாரியில் ஒரு ஹேங்கர்கூட அசையவில்லை. என்னப்பா இது என்று மெதுவாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. விமான நிலையத்தில் அவன் அப்பா சொல்லியிருக்கிறார்: "பிடிக்கலைன்னா ஒரு போன் போடு, மறுநாளே கூட்டிட்டு வந்துடறேன்."

பாசத்தில் சொன்னதுதான். எந்த அப்பாவின் வாயிலும் வரும் வார்த்தைதான். கிறிஸ்டஃபர் தர்பர் என்ற உளவியலாளர் வீட்டு ஏக்கத்தைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அமெரிக்காவில் ஓர் உறைவிடப் பள்ளியிலேயே வேலை பார்த்தவர். எட்வர்ட் வால்டன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 2007-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரையில், இந்த வாக்குறுதியைக் கொடுக்கவே கூடாது என்று பெற்றோருக்கு எழுதியிருக்கிறார். காரணம் எளிமையானது. 'உன்னால் முடியாமல் போகும் என்று நானே எதிர்பார்க்கிறேன்' என்றுதான் பிள்ளையின் மனதில் அது பதியும். பிறகு வருகிற ஒவ்வொரு சின்னக் கஷ்டமும், போன் போடலாமா வேண்டாமா என்ற கேள்வியாக மாறிவிடும். வீட்டு ஏக்கம் வருவது இயல்பு, கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், வந்தால் என்ன செய்யலாம் என்று புறப்படும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது.

அந்தப் பையனின் அப்பாவிடம் பேசினேன். மனுஷன் அன்று இரவே மகனைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் அந்தப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார். நான் என் பங்குக்கு அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: சைக்கிள் கொட்டகை. விடுதியின் சைக்கிள்கள் அத்தனைக்கும் பிரேக், சங்கிலி, காற்று, விளக்கு பார்த்து, சரியில்லாததைப் பூட்டி வைக்கும் பொறுப்பு. பூட்டின வண்டியை அவன் திறந்துவிடும் வரை நான் உட்பட யாரும் எடுக்க முடியாது. அக்டோபரில் அலமாரியில் சட்டைகள் தொங்கின.

இந்த யோசனை எனக்கு வானத்திலிருந்து வரவில்லை. எனக்கு இப்படித்தான் ஒரு சாவி கிடைத்தது.

நான் படித்த பள்ளியில் படகுகள் இருந்தன. பாய்மரம், துடுப்புப் படகு, மோட்டார் வைத்த மீட்புப் படகு ஒன்று. முதல் பருவத்தில் ஒரு ஞாயிறு மதியம் சுவரோரம் சும்மா நின்றுகொண்டிருந்த என்னிடம், படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் வந்து, மதியம் உனக்கு வேலை ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கூட்டிக்கொண்டு போய் லைஃப் ஜாக்கெட் கொட்டகையைத் திறந்து காட்டினார். உப்பும் ஈர ரப்பரும் கலந்த வாசனை. கொக்கி கொக்கியாக ஜாக்கெட்டுகள். ஒரு செகண்ட் இயர் மாணவி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

தானாக ஊதிக்கொள்ளும் வகை ஜாக்கெட்டுக்குள் ஒரு சின்ன உருளை இருக்கும், உள்ளே அழுத்தி அடைத்த கார்பன் டை ஆக்சைடு. தண்ணீரில் விழுந்ததும் அந்த உருளை துளைபட்டு, வாயு பாய்ந்து, ஜாக்கெட் உப்பும். உருளை காலியாக இருந்தால் இடுப்பில் கட்டியிருப்பது வெறும் துணி. ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுக்க வேண்டும். காய்ந்ததும் உறையைப் பிரித்து, உருளையைத் திருகிக் கழற்றி, அதன் மூடி துளைபடாமல் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் தராசில் வைக்க வேண்டும். உருளையின் மேலேயே எடையைப் பொறித்திருப்பார்கள். அதைவிடக் குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. எடை சரியாக இருந்தால் திரும்பக் கெட்டியாகத் திருகி, வாய்க்குழாயில் ஊதி ஜாக்கெட்டை முழுதாக உப்பவைத்து ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் தளர்ந்திருந்தால் எங்கேயோ ஓட்டை. பட்டையின் தையல், விசில், விளக்கு எல்லாம் பார்த்துப் பதிவேட்டில் எண்ணை எழுதி எதிரே கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் வந்தால் சிவப்புக் கொக்கிக்கு. சிவப்புக் கொக்கியில் தொங்குவதை யாரும் தொடக் கூடாது.

சில ஞாயிறுகள் கழித்து அந்த மாணவி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

ஒரு புதன்கிழமை படகு கிளம்புவதற்குச் சற்று முன், நாலு ஜாக்கெட்டின் உருளைகளில் துரு பார்த்துச் சிவப்புக் கொக்கியில் மாட்டினேன். நாலு பேர் கரையில் நிற்க வேண்டியதாயிற்று. மூத்த மாணவர்கள். ஒருவனுக்கு நல்ல கோபம். போன வாரம் இதையேதான் போட்டுக்கொண்டு போனேன் என்றான். என்னால் அவனோடு ஆங்கிலத்தில் வாதாட முடியாது. அந்த வருடம் வகுப்பில் நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். "துரு. முடியாது," என்று மட்டும் சொன்னேன். ஆசிரியர் வந்தார், உருளையைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்தார். "கொட்டகை அவளுடையது," என்று சொல்லிவிட்டு, அந்த நாலு பேரைக் கரையில் விட்டுப் படகை எடுத்தார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு அரை மணி நேரம் பேசினேன். முழுக்கத் துருவைப் பற்றித்தான்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. இந்த மாதிரிப் பள்ளிகளின் மூதாதை என்று சொல்லத்தக்கவர் குர்ட் ஹான். 1886-இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920-இல் ஜெர்மனியில் சேலம் என்ற உறைவிடப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். (நம் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்தார், 1933-இல் கைதானார், விடுதலையானதும் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். வீட்டை இழந்து வேறு நாட்டில் முதலிலிருந்து ஆரம்பித்த மனிதர். இளம்பிள்ளைகளுக்கு அறிவுரையைவிட, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் நிஜமான பொறுப்பு தேவை என்பது அவர் கடைசி வரை விடாத நம்பிக்கை.

அவர் யோசனையில் 1962-இல் வேல்ஸ் கடற்கரையில், செயின்ட் டொனாட்ஸ் என்ற பழைய கோட்டையில் அட்லாண்டிக் காலேஜ் தொடங்கியது. பனிப்போர் காலம், பல நாட்டுப் பிள்ளைகளை ஒன்றாகத் தங்கிப் படிக்கவைப்பதே நோக்கம். முதல் தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோர், கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுவருடமே பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. அங்கே ஒரு மீட்பு நிலையம் அமைத்தது. படகை எடுத்துக்கொண்டு போனவர்கள் மாணவர்கள். காற்றடைத்த ரப்பர் படகுகளின் அடிப்பாகம் அந்தக் கரடுமுரடான கரையில் தேய்ந்து வீணாகிக்கொண்டே இருந்தது. ஹோரும் மாணவர்களும் அடியில் பிளைவுட்டை வைத்துப் பார்த்தார்கள், உடைத்தார்கள், மறுபடி செய்தார்கள். உறுதியான அடிப்பாகமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட அந்தப் படகுதான் இன்று கடலோரக் காவலும் மீட்புப் படைகளும் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 'ரிப்' வகைப் படகு. காப்புரிமையை ஹோர் ஆர்.என்.எல்.ஐ.க்கு 1 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் முதலில் உருவாக்கிய பெரிய ரகத்துக்கு 'அட்லாண்டிக் 21' என்று பெயர் வந்தது அந்தக் கல்லூரியால்தான்.

வீட்டை விட்டு வந்த பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் செய்த படகு அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, படிப்பு. பெரும்பாலான இந்த மாதிரிப் பள்ளிகளில் ஐ.பி. டிப்ளமா, அதாவது 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் அமைப்பின் பாடத்திட்டம். ஆறு பாடம், பாடத்துக்கு 7 மதிப்பெண். அதற்கு மேல் அதிகபட்சம் 4000 வார்த்தையில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் டி.ஓ.கே. என்ற அறிவுக்கோட்பாட்டுப் பாடமும் சேர்ந்து 3. மொத்தம் 45. கடினம்தான், ஆனால் முறையாக உட்கார்ந்தால் முடிகிற கடினம். அப்புறம் 'காஸ்' என்று ஒன்று உண்டு: படைப்பாற்றல், உடற்செயல்பாடு, சேவை. இதற்கு மதிப்பெண் கிடையாது, முடிக்காவிட்டால் டிப்ளமாவும் கிடையாது. முன்பு 150 மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, குறைந்தது 18 மாதம் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று மாற்றியது மிக நல்ல காரியம். மணி நேரத்தைச் சேர்ப்பதற்காகச் செய்கிற சேவையில் உயிர் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. ஐ.பி.யில் ஒரு பாடம் தாய்மொழி இலக்கியம். உங்கள் மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் நீங்களே படித்துப் பரீட்சை எழுதலாம். 'செல்ஃப் டாட்' என்போம். வாரத்தில் இரண்டு பீரியட் நூலகத்தின் பின்னறையில் இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் கூடுவோம். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு லிபி. மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியை. எங்கள் மொழிகளில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விரலால் ஒரு வரியைத் தொட்டு, இதைச் சொல்வது யார் என்று கேட்பார். யாரிடம் சொல்கிறார்? எப்போது? எதைச் சொல்லாமல் விடுகிறார்? நான் வைத்திருந்தது ஒரு சங்கப் பாடல். தலைவன் பொருள் தேடப் போய்விட்டான், தலைவி தோழியிடம் பேசுகிறாள். ஊரில் பத்தாம் வகுப்பு வரை இப்படிப்பட்ட பாடல்களை மனப்பாடம் செய்து ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். 'தோழி இருக்கும்போது அவள் ஏன் தனியாக இருப்பதாகச் சொல்கிறாள்?' என்று அவர் கேட்டபோது உடனே பதில் வரவில்லை. இரண்டு பீரியட் யோசித்தேன். மாடிப்படியில் முதுகைத் தட்டும் கை ஞாபகம் வந்தது. பக்கத்தில் எத்தனை பேர் இருந்தாலும் குறிப்பிட்ட ஓர் ஆள் இல்லாதது தனிமைதான் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, எந்த வரியில் அது தெரிகிறது, காட்டு என்றார். தமிழை நான் உண்மையில் படிக்கத் தொடங்கியது அந்த அறையில்தான். ஊரை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, தமிழ் தெரியாத ஓர் ஆசிரியையிடம்.

பிள்ளையை அனுப்பப் போகிறவர்களே, பெட்டியில் இரண்டு தமிழ்ப் புத்தகம் வையுங்கள். 'செல்ஃப் டாட்' எடுக்க விருப்பம் என்றால் பள்ளி சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டிய வேலைகள் உண்டு.

அறையைப் பற்றியும் கேட்கிறார்கள். நாலு கட்டில், நாலு மேசை, ஒரு ஜன்னல். சண்டை எப்போதும் ஜன்னலுக்குத்தான். குளிர்நாட்டுப் பெண்ணுக்கு ஜன்னல் திறந்திருந்தால்தான் தூக்கம் வரும். எனக்கு அது மூடியிருந்தால்கூடக் குளிரில் கால் விறைக்கும். பல ராத்திரி முணுமுணுப்புக்கு அப்புறம் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினோம். விளக்கணைப்பதற்கு முன் கால் மணி நேரம் திறப்பது, பிறகு மூடுவது, பரீட்சை வாரத்தில் பரீட்சை உள்ளவள் சொன்னபடி. இரண்டு வருடமும் அந்தத் தாள் நின்றது. என் விடுதியில் புதியவர்கள் வந்த முதல் ஞாயிறே எல்லா அறைகளையும் இப்படி எழுதி ஒட்டச் சொல்கிறேன். ஒருவரை ஒருவர் பிடித்துப்போகும் வரை காத்திருக்க முடியாது, அன்று ராத்திரியே தூங்க வேண்டுமே.

இனி, வேலை கொடுத்தால் தீராத விஷயம். 60 பாகை வடக்கில் டிசம்பர் கடைசியில் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. முதல் பீரியடுக்குப் போகும்போது இருட்டு, கடைசி பீரியட் முடிந்து வரும்போதும் இருட்டு. வருடம் முழுக்கச் சூரியனைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாத இடங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது உடம்பையே ஆட்டிவிடும். தூக்கம் தப்பும். நான் கவனிப்பது இவற்றை: அடுத்தடுத்து முதல் பீரியடுக்கு வராமல் இருப்பது, சாப்பாட்டுக் கூடத்துக்கு வராமல் அறையிலேயே கொறிப்பது, முன்பு ஆசையாகச் செய்த வேலையைத் தொடாமல் விடுவது, வீட்டுப் போனைக்கூட எடுக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது வந்துவிட்டால் நான் ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. அது வீட்டு ஏக்கத்தைத் தாண்டிய நிலை, அங்கே கவுன்சிலரும் மருத்துவரும்தான் வேண்டும். கவுன்சிலரிடம் போனால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படும் பிள்ளைகள் நிறைய. அப்படி எதுவும் இல்லை என்று புறப்படும் முன் வீட்டிலேயே நாலு தடவை சொல்லி அனுப்புங்கள். அம்மா வாயால் கேட்டால்தான் நம்புகிறார்கள்.

விடுமுறை விஷயத்திலும் முன்பே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். நடுப்பருவ விடுமுறையில் பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போய்வரக் கட்டுப்படியாகாத பிள்ளைகள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குவார்கள், ஹோஸ்ட் ஃபேமிலி என்பார்கள். எனக்கு வாய்த்தவர்கள் நல்லவர்கள். அந்த வீட்டு ஆயாவுக்கு மூட்டுவலி, அவருக்கு விறகு எடுத்துவைப்பது என் வேலையாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கூச்சமே இல்லை.

போன வாரம் ஓர் அம்மா எழுதியிருந்தார். மகளை அடுத்த வருடம் அனுப்பிப் பார்க்க ஆசை, எங்கே தொடங்குவது என்று. யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ் என்ற அமைப்பு அந்த அட்லாண்டிக் காலேஜிலிருந்து வளர்ந்ததுதான். இன்று நாலு கண்டங்களில் 18 பள்ளிகள், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் தேசியக் குழுக்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், அதனால் கட்டணத் தொகையைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிட வேண்டாம். விண்ணப்பம் பள்ளி தொடங்கும் ஆகஸ்டுக்கு வெகு முன்னாலேயே, பெரும்பாலும் முந்தைய வருடக் கடைசியில் முடிந்துவிடும். அங்கே படிக்கும் பிள்ளைகளின் வயது பெரும்பாலும் 16-க்கும் 19-க்கும் இடையில். மற்ற சர்வதேசப் பள்ளிகள் நேரடியாக விண்ணப்பம் வாங்கும்.

எந்தப் பள்ளியாக இருந்தாலும், நேர்காணல் முடிந்து "உங்களுக்கு ஏதும் கேள்வி உண்டா?" என்று கேட்பார்கள். அப்போது அந்தப் பெண்ணையே கேட்கச் சொல்லுங்கள்: முதல் பருவத்தில் எனக்கு என்ன வேலை கொடுப்பீர்கள், அதை நான் செய்யாவிட்டால் யாருக்குக் கஷ்டம்? யோசிக்காமல் பதில் சொல்லும் பள்ளியில் சேருங்கள்.